கண் ஷார்ப், படம் ஜடம்: பறவை போர்ட்ரெய்ட்டில் நான் தடுமாறிய இடம்

ஒரு வெண்மார்பு மீன்கொத்தி தாழ்வான கம்பத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து கொடுத்தது. கணினியில் ஏற்றிப் பார்த்தால் 240 படங்கள், எல்லாமே ஷார்ப். ஆனால் நாலைந்தைத் தவிர மற்றதெல்லாம் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்த பறவை மாதிரி இருந்தது. லென்ஸைச் சந்தேகப்பட்டேன், செட்டிங்கைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் தேறியவற்றையும் தேறாதவற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: வித்தியாசம் தலை திரும்பியிருந்த கோணத்தில் மட்டும்தான். அதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன். ரா, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: நிற்கும் இடம்

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், தாழ்வாக இருக்கட்டும். உங்கள் நிழல் பறவையை நோக்கி நீண்டால் இடம் சரி. அப்புறம், பறவையின் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். தரையில் மேயும் மைனா என்றால் படுத்தே ஆகவேண்டும். நின்றபடி எடுத்தால் முதுகும் புல்லும்தான் கிடைக்கும். படுத்தால் பின்னணி தூரமாகிப் பட்டு மாதிரி கரைந்துவிடும். மர உச்சியில் இருப்பதை அண்ணாந்து எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், வயிறுதான் வரும்.

ட்ரைபாட் எனக்கு ஒத்துவரவில்லை. அதை விரித்து முடிப்பதற்குள் பறவை போய்விடுகிறது. தானியம் நிரப்பிய ஒரு துணிப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் லென்ஸை வைப்பதுதான் என் வழக்கம்.

படி 2: செட்டிங்

மேனுவல் மோடு, ஆட்டோ ஐஎஸ்ஓ, ஷட்டர் 1/1000. சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்கலாம். உடம்புதான் சும்மா இருக்கும், தலை வெடுக்கென்று திரும்பிக்கொண்டே இருக்கும்.

அப்பர்ச்சரில், அதாவது லென்ஸின் திறப்பில், ஒரு கணக்கு உண்டு. ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய) சென்சார், 400 மி.மீ. லென்ஸ், 5 மீட்டர் தூரம், எஃப்/5.6 என்றால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான். எஃப்/8 வைத்தால் ஐந்து. மீன்கொத்தியின் அலகே ஐந்தாறு சென்டிமீட்டர் வரும். அது நேராக உங்களைப் பார்த்தால் கண் ஷார்ப்பாக இருக்கும், அலகு நுனி மங்கிவிடும். அதனால் நீள அலகுப் பறவைகளுக்கு எஃப்/8, மற்றவற்றுக்கு எஃப்/5.6.

இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். கேமரா அந்த இருட்டைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைத்துவிடும்.

படி 3: ஃபோகஸ்

கண்ணில் வையுங்கள், முடிந்தது. பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி கேனான் ஆர்5 (2020), சோனி ஏ1 (2021) போன்ற கேமராக்களில் உண்டு. அது இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸே போதும். குறுக்கே கிளைகள் இருக்கும்போது நானும் அதற்குத்தான் திரும்புகிறேன்.

படி 4: தலையின் கோணம்

பறவை ஒரு கடிகாரத்தின் நடுவில் இருப்பதாக மேலிருந்து கற்பனை செய்யுங்கள். கேமரா ஆறு மணி இடத்தில். அலகு ஒன்பதைக் காட்டினால் முழுப் பக்கவாட்டுத் தோற்றம், படம் சுமார்தான். பத்தைக் காட்டினால் பறவை நம்மை விட்டு விலகிப் போகிறது. கண் எவ்வளவு ஷார்ப்பாக இருந்தாலும் அந்தப் படம் தேறாது. எட்டரை பக்கம் வந்தால்தான் உயிர் வருகிறது. வலப்பக்கம் என்றால் மூன்றரை. என் மீன்கொத்திப் படங்களில் தேறியவை எல்லாம் அந்தச் சின்னத் திருப்பத்தில் இருந்தவை. மற்றவை பெரும்பாலும் ஒன்பதரை, பத்து.

இதில் ஒரு வேடிக்கை. மைனா, புறா போன்றவற்றுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், அவை உங்களை உண்மையாகவே உற்றுப் பார்க்கும்போது கன்னத்தைத்தான் காட்டும். அதாவது ஒன்பது மணி. ஆனால் மனிதக் கண்ணுக்கு முகம் கொஞ்சம் திரும்பினால்தான் ‘என்னைப் பார்க்கிறது’ என்று தோன்றும். படத்தைப் பார்க்கப் போவது மனிதர்கள்தானே.

திரும்ப வைப்பது எப்படி? விசில் அடிக்காதீர்கள், பறந்துவிடும். மெக்கானிக்கல் ஷட்டரின் முதல் சத்தத்துக்குப் பல பறவைகள் தாமே திரும்புகின்றன. அதனால் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்காமல் மூன்று நான்கு ஃப்ரேம், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று நான்கு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை போர்ட்ரெய்ட்டுக்கு நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

திரும்பிய அந்த நொடியில் கண்ணில் ஒளிப்பொட்டு விழுகிறதா என்றும் பாருங்கள். மீன்கொத்திக்குக் கரும்பழுப்புக் கண், அதைச் சுற்றிப் பழுப்புத் தலை. பொட்டு இல்லையென்றால் கண் இருக்கும் இடமே தெரியாது.

இன்னொரு குழி: சில ஃப்ரேம்களில் கண் பால் ஊற்றினாற்போல் மங்கியிருக்கும். ஃபோகஸ் போய்விட்டது என்று நானும் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. மெல்லிய சவ்வு, கண்ணின் குறுக்கே சட்டென்று வந்து போகும். கண் மங்கி, பக்கத்து இறகு ஷார்ப்பாக இருந்தால் அதுதான் காரணம்.

படி 5: வெட்டுவது

படம் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிள் இலவசம், எனக்கு அதுவே போதும். அலகு நோக்கும் பக்கம் அதிக இடம் விடுங்கள். தலை, மார்பு மட்டும் என்றால் செங்குத்தாக வெட்டுங்கள். கண்ணை மட்டும் தனியாகப் பளிச்சென்று ஆக்கும் வேலை வேண்டாம், பொம்மைக் கண் மாதிரி ஆகிவிடும்.

பின்னர் சேர்த்தது

படித்துவிட்டு ஒருவர் கேட்டது: ‘நீங்கள் சொன்ன எட்டரையை ஆந்தைக்கு வைத்தேன், ஒரு கண் பாதி மறைந்து அசிங்கமாக இருக்கிறது.’ நியாயம்தான், அதை எழுத விட்டுவிட்டேன். ஆந்தைக்கு இரு கண்களும் முன்னால், அதற்கு ஆறு மணிதான் சரி. அது கண்ணை உருட்டிப் பார்க்காது, தலையைத்தான் திருப்பும், சுமார் 270 பாகை வரை. எனவே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாலும் இடம் மாறாமல் காத்திருங்கள்.

இன்னொருவர் அனுப்பிய படத்தில் கோணம், ஒளி எல்லாம் சரி, ஆனால் பறவை கழுத்தை நீட்டி, இறகை உடம்போடு ஒட்டி இறுக்கி நின்றது. பயந்திருக்கிறது, அவ்வளவுதான். பத்தடி பின்னால் போய் உட்காருங்கள். அது இறகை உப்பி, ஒரு காலைத் தூக்கி மடக்கிக்கொண்டால் கேமராவை எடுக்கலாம். பக்கத்தில் கூடு இருந்தால் கேமராவை எடுக்காமல் அப்படியே கிளம்பிவிடுங்கள்.