கம்பனி நிறுத்திய கமராவை மலையகத்தில் வைத்துப் பாவிப்பது எப்படி?

கெனன் கம்பனியின் லென்ஸ் மாற்றக்கூடிய சின்னக் கமராக்களான ஈஓஎஸ் எம் வரிசை 2012 இல் வந்தது. கடைசியாக வந்த கமரா, 2020 இன் எம்50 மார்க் 2. 2023 இல் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் கல்யாண வீடு, சடங்கு வீடு, தேர்த் திருவிழா என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தோளில் எம்50 இன்னும் தொங்கத்தான் செய்கிறது. விலை இறங்கியதால் புதிதாகப் படம் பிடிக்கப் பழகுகிறவர்களும் இதைத்தான் வாங்குகிறார்கள். நேற்று எடுத்த மாதிரியே அது நாளைக்கும் எடுக்கும். இனிப் புதுச் சாமான் வராது, அவ்வளவுதான். அதற்கு ஏற்றபடி நடந்துகொண்டால் போதும்.

படி 1: பற்றரி

முதலில் உங்கள் பற்றரியின் பெயரைப் பாருங்கள். எம்50, எம்100, எம்200 எல்லாவற்றுக்கும் எல்பி-ஈ12. எம்3, எம்5, எம்6 மூன்றுக்கும் எல்பி-ஈ17. ஒன்று மற்றதற்குள் போகாது. கையில் இரண்டு நல்ல பற்றரி இருந்தால் சரி. இனிக் கிடைக்காதோ என்று பயந்து ஐந்தாறு வாங்கி அலுமாரியில் அடுக்காதீர்கள். லிதியம் பற்றரி சும்மா இருந்தாலும் வயதாகும். நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள். நுவரெலியாக் குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால் இரண்டாவது பற்றரி சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

படி 2: கோப்புகள்

கமராவின் கடைசி ஃபர்ம்வேரையும் (கமராவுக்குள் ஓடும் மென்பொருள்) கையேட்டையும் கம்பனி தளத்திலிருந்து இன்றே இறக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். படங்களை எடுத்துக்கொள்ளப் போன் செயலியை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு கார்ட் ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 3: பூஞ்சணம்

நம் ஊரில் கமராவைக் கொல்வது கம்பனி இல்லை, ஈரம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கும். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் லென்ஸ் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வைத்திருப்பதுதான் குறி.

ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகளும், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றும் போடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கிற சட்டியில் வறுக்கக் கூடாது. இதற்கென்று ஒரு பழைய தாச்சியை ஒதுக்குங்கள்.

தோல் உறையோடு பெட்டிக்குள் வைக்காதீர்கள், பூஞ்சணம் முதலில் பிடிப்பது அந்த உறையில்தான். அரிசி மூட்டைக்குள் புதைக்கச் சொல்வார்கள், தூசிதான் மிச்சம். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காயும் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். காயும், ஆனால் விறகுப் புகையின் பிசுக்கும் கண்ணாடியில் ஏறும்.

பனிக்குள் எடுத்துவிட்டு வீட்டுச் சூட்டுக்குள் வரும்போது, வாசலிலேயே கமராவை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். நீர் பைக்கு வெளியே படியும். கமரா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறவுங்கள்.

படி 4: அடுத்த லென்ஸ்

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். எம் கமராவில் லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து, படம் விழும் சென்சாருக்கு 18 மில்லிமீட்டர் தூரம். கெனனின் இப்போதைய ஆர்எஃப் கமராக்களில் 20. எம் லென்ஸ் அதில் நேராகப் பூட்டாது. எப்படியாவது பூட்டினாலும் 2 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும், தூரத்து மலை தெளிவாக விழாது. அதனால் எம் லென்ஸ்கள் எம் கமராவோடு சரி.

கெனனின் பழைய எஸ்எல்ஆர் கமராக்களுக்கு வந்த ஈஎஃப் லென்ஸில் அந்தத் தூரம் 44 மில்லிமீட்டர். நடுவில் அடப்டர் (இணைக்கும் வளையம்) வைக்க இடம் தாராளம். எம்முக்கு ஓர் அடப்டர், நாளைக்கு ஆர்எஃப்புக்கு மாறினால் அதற்கு வேறோர் அடப்டர், லென்ஸ் அதேதான். ஆகவே பெரிய காசு போடுவதானால் ஈஎஃப்பில் போடுங்கள். ஈஎஃப் 50 எம்எம் எஃப்1.8 எஸ்டிஎம் நல்ல தொடக்கம். எம்மிலேயே வாங்கத்தான் வேண்டும் என்றால் என் தெரிவு 22 எம்எம் எஃப்2. லயத்து அறைக்குள், மாலை வெளிச்சத்தில், அந்தச் சின்ன லென்ஸ் செய்கிற வேலையே தனி.

படி 5: பாவித்ததை வாங்கும்போது

உங்கள் கமராவைக் கையோடு கொண்டுபோங்கள். எம் லென்ஸின் ஃபோகஸ் வளையம் மின்சாரத்தில் வேலை செய்வது. கமராவில் பூட்டாமல் சும்மா திருப்பிப் பார்த்து ஒன்றும் தெரியாது. பிறகு லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் போன் டோர்ச்சைச் சாய்த்து அடித்து, முன்பக்கத்தால் பாருங்கள். தூசிப் புள்ளிகள் பரவாயில்லை. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், உங்கள் பெட்டிக்குள்ளும் வித்து விழும்.

படி 6: கமரா பழுதானால்

ஷட்டரோ உள்ளே இருக்கும் சர்க்கிட் போர்ட்டோ போனால் முதலில் பழுதுபார்க்கும் கூலியைக் கேளுங்கள், அப்புறம் பாவித்த கமரா ஒன்றின் விலையையும் கேளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் இன்னொன்றை வாங்கிவிடுவது மேல். பழையதை எறிய வேண்டாம். பற்றரி மூடி, திருகாணி, ஃபிளாஷ் பூட்டும் தகடு என்று அதிலிருந்து கழற்ற நிறைய இருக்கும்.