ஏரிக் கணக்கும் எங்கள் வீட்டுச் சுவரும்

சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றை ஒட்டிய தெருவில், தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். 2015 டிசம்பர் 1 இரவு ஆறு வீட்டுக்குள் வந்தது. அன்றைய நீர்க்கறையை வெள்ளையடித்து மறைக்க என் மனம் ஒப்பவில்லை. கூடத்துச் சுவரில் அது இன்னும் கோடாக இருக்கிறது. ரேடார், செயற்கைக்கோள், ஏரி அளவு என்று எத்தனை தரவு குவிந்தாலும், அந்தக் கோட்டோடு பொருத்திப் பார்த்தால்தான் அது எனக்குப் பயன்படும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், குடிநீர் வாரியம் தன் இணையதளத்தில் நாள்தோறும் வெளியிடும் ஏரி விவரத்தைக் குறித்துவையுங்கள். அடையாற்றில் உபரிநீரை விடும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இன்று இருப்பு 3,200, நீர்வரத்து வினாடிக்கு 6,000 கன அடி, வெளியேற்றம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஏரியில் தங்குவது வினாடிக்கு 5,000. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 432 மில்லியன் கன அடி. காலியாக இருப்பதோ 445! இதே வரத்து நீடித்தால் நாளைக்குள் ஏரி நிரம்பிவிடும். விளிம்புவரை நிரம்பக் காத்திருக்க மாட்டார்கள் என்பதால், உபரிநீர்த் திறப்பு அதற்கு முன்பே கூடும்.

ஏரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஆதனூர், முடிச்சூர் பக்கத்து வெள்ளமும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. ஆகவே வானிலைத் துறையின் ரேடார் படத்தில் உங்கள் தெருவுக்கு மேல் மேகம் இருக்கிறதா என்று தேடுவதைவிட, தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் மேல் பாருங்கள். 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது அதி கனமழை. அந்தக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இரவு மழையை எந்த நாளில் எழுதுவது என்ற குழப்பம் எனக்கு இதனால்தான் தீர்ந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம். முகத்துவாரத்தில் ஆறு வடியத் தாமதமாகும். அதையும் ஓரத்தில் எழுதுங்கள்.

காற்றுக்கும் இதே நோட்டில் சில பக்கங்கள் ஒதுக்கலாம். போகி விடியலில் காற்றுத் தரக் குறியீட்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அது 24 மணி நேரச் சராசரி. ஆலந்தூர், வேளச்சேரி நிலையங்களில் உங்களுக்கு அருகில் உள்ளதன் மணிவாரி நுண்துகள் (PM2.5) அளவைப் பாருங்கள். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இனி, எந்த இணையதளத்திலும் கிடைக்காத தரவு. தெருமுனை மின்கம்பத்தில் அடிக்கு ஒன்றாகக் கோடுகள் வரையுங்கள். தண்ணீர் ஏறும்போது நேரத்தையும் உயரத்தையும் குறியுங்கள். பக்கத்தில் அன்றைய ஏரி வெளியேற்றத்தை எழுதுங்கள். இரண்டு மூன்று மழைக்காலம் போனால், எவ்வளவு திறந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்கள் வாசலுக்கு வரும் என்பது பிடிபடும். எங்கள் தெருவில் முதல் கோடு நனைந்ததும் எரிவாயு உருளையை மூடுகிறோம், மெயின் சுவிட்சை அணைக்கிறோம், அம்மாவை மாடி வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். இரண்டாம் கோட்டுக்குக் காத்திருப்பதில்லை.