காடு மலை நடைக்கு எடை குறைந்த, வளைந்து கொடுக்கும் பூட்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னையிலிருந்து முதன்முறையாக மலையேறப் புறப்படுபவர்களில் பலர், கடற்கரையில் காலை நடைக்கு அணியும் ஷூவோடே வண்டி ஏறிவிடுகிறார்கள். வேறு சிலர் பனிமலைக்கென்று செய்யப்பட்ட கனத்த தோல் பூட்ஸை வாங்கிக்கொண்டு வந்து, ஆந்திரத்தில் உள்ள நாகலாபுரத்து மலையின் ஓடைப் பாறைகளில் கால் மடங்காமல் தடுமாறுகிறார்கள். முள்காடு, கூழாங்கல், ஓடை, செங்குத்தான மண்சரிவு என்று ஒரே நாளில் நான்கு வகைத் தரையைக் கடக்க வேண்டியவருக்கு, எடை குறைவாகவும் முன்பாதத்தில் நன்றாக வளைவதாகவும் உள்ள பூட்ஸே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதைப் பார்த்து வாங்கும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இத்தகைய பூட்ஸைத் தேடினால் வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கான வகைகள் நிறைய வந்து நிற்கும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஆனால், ஓசையின்றி நெடுந்தூரம் நடக்க உதவும் காலணி என்ற வகையில் பறவை நோக்குபவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் அவற்றில் சில பொருந்தவே செய்யும். அவற்றின் விளம்பரத்தில் 400 கிராம், 800 கிராம் என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது பூட்ஸின் எடையைக் குறிப்பதில்லை. உள்ளே வைத்துத் தைத்த குளிர்காப்புப் பஞ்சின் அடர்த்தியையே குறிக்கும். நம் வெயிலுக்கு அந்தப் பஞ்சு சிறிதும் வேண்டாம்.

படி 1: எந்தத் தரையில் நடக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன. அனுமதி பெற்று நடக்கக்கூடிய இப்பாதைகளில் சென்னைக்கு மிக அருகில் இருப்பவற்றுள் ஒன்று, பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்த குடியம் குகைப் பாதை. அங்கே காலடியில் உருளும் கூழாங்கற்களும் இருபுறமும் முட்புதர்களும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டிலோ ஈரச் சருகும் சேறும் அட்டையும் இருக்கும். முதல் ஓராண்டில் நீங்கள் போகக்கூடிய மூன்று இடங்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் அங்குள்ள தரையைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

படி 2: பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்குவதால் மாலையில் அளப்பதே சரி. சுவரோடு குதிகாலை ஒட்டி, தாள்மீது முழு எடையையும் ஊன்றி நின்று, மிக நீளமான விரலின் நுனியையும் பாதத்தின் அகலமான இரு பக்கங்களையும் வேறொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களையும் அளந்து, பெரிய காலின் அளவையே கணக்கில் கொள்ளுங்கள். அந்த நீளத்தோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை கூட்டிய உள்நீளம் பூட்ஸில் இருக்க வேண்டும், ஏனெனில் இறக்கத்தில் பாதம் முன்னோக்கி நகரும்போது விரல் நுனி முட்டினால் நகம் கறுத்துவிடும்.

எண்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நம் கடைகளில் வழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டரும், ஐரோப்பிய அளவில் ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டரும் வேறுபாடு உண்டு. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கணக்குச் சரியாக ஒட்டாது.

நீளத்தைவிட நம்மவர்களுக்கு அகலமே அதிகத் தொல்லை தருகிறது. அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து, இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களின் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று கண்டறிந்தது. வெளிநாட்டு அச்சில் வார்த்த ஒடுங்கிய பூட்ஸ் சுண்டுவிரலை நெரிக்கும்போது நம்மில் பலர் ஒரு எண் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறோம். அப்படிச் செய்தால் குதிகால் தளர்ந்து கொப்புளம் வரும். எண்ணைக் கூட்டுவதைவிட, அகலமான அச்சு கொண்ட வேறு தயாரிப்பைத் தேடுவதே தீர்வு.

படி 3: எடையைப் பாருங்கள்

காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைப் போன்றதன்று. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீசி நிறுத்த வேண்டியிருப்பதால், காலில் கூடும் ஒரு கிலோ, முதுகுப்பையில் ஏறக்குறைய ஐந்து கிலோ கூடியதற்குச் சமமான உழைப்பைக் கேட்கும். கனத்த தோல் பூட்ஸ் ஒரு காலுக்கு 700 கிராமைத் தாண்டிவிடும். 400 முதல் 550 கிராம் வரை உள்ள, கணுக்காலை மூடும் உயரம் கொண்ட துணி பூட்ஸ் நம் தேவைக்குப் போதும். கடைக்காரர் எடை சொல்லவில்லையென்றால் தயங்காமல் ஒரு தராசில் வைக்கச் சொல்லுங்கள்.

படி 4: கையால் வளைத்துச் சோதியுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வளைந்து கொடுக்கும் பூட்ஸ் என்றால் எங்கே வேண்டுமானாலும் வளையும் பூட்ஸ் என்று பொருளன்று. குதிகாலை ஒரு கையிலும் முனையை மறு கையிலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில், அதாவது நடக்கும்போது நம் கால் இயல்பாக மடியும் அதே இடத்தில், அது எளிதாக மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் கூர்ங்கல்லின்மீது நிற்கும்போது உள்ளங்கால் நோகும். அடுத்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். சற்றே எதிர்த்து நின்று, கையை விட்டதும் பழைய வடிவுக்குத் திரும்பினால் நல்லது. கந்தல்போல முறுக்கிக்கொண்டால், குடியத்தின் உருளும் கற்களில் அது உங்கள் காலைத் தாங்காது. பிறகு குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அது உள்ளே குழியக் கூடாது.

கணுக்காலை மூடும் உயரம் சுளுக்கை முற்றிலும் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். முள் கீறலிலிருந்தும், கல் உள்ளே விழுவதிலிருந்தும், பாறையில் எலும்பு இடித்துக்கொள்வதிலிருந்தும் அது காக்கும். சுளுக்கைத் தடுப்பது பெரும்பாலும் தசையின் வலிமைதான். அதற்கு வாரம் சில நாள் மெரினா மணலில் வெறுங்காலோடு நடந்து பழகலாம்.

படி 5: பூட்ஸின் அடிச்சோலைத் திருப்பிப் பாருங்கள்

அடிச்சோலின் பற்கள் சுமார் நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில், இடைவெளிவிட்டு இருந்தால் மண்ணிலும் சேற்றிலும் பிடிமானம் கிடைக்கும், சேறும் அடைத்துக்கொள்ளாது. நகத்தால் அழுத்தும்போது சற்றுக் கொடுக்கும் மென்மையான ரப்பர், ஈரப் பாறையைக் கெட்டியான ரப்பரைவிட நன்றாகப் பற்றும், ஆனால் விரைவில் தேயும். பாசி படிந்த பாறையை எந்த ரப்பரும் பற்றாது என்பதால் அங்கே பூட்ஸை நம்பாமல் பாறையைச் சுற்றிப் போங்கள். மலையேறுபவர்களுக்கான ரப்பர் சோலை இத்தாலியரான விட்டாலே பிரமானி உருவாக்கியதே, 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர்கள் ஆறு பேரை இழந்த பிறகுதான். தம் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து அவர் வைத்த வைப்ரம் என்ற பெயரை இன்றும் பல பூட்ஸின் அடியில் காணலாம்.

நம் பக்கத்துக் காடுகளில் முள்ளையும் கணக்கில் கொள்ள வேண்டும். நுரைபோன்ற மெல்லிய சோல் மட்டும் கொண்ட ஓட்டக்காலணியைச் சீமைக்கருவேல முள் எளிதில் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிடும். ஆகவே அடிப்பக்கம் முழுவதையும் ரப்பர் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மேற்புறத்தில் பெரிய கண் உள்ள வலைத்துணி இருந்தால் ஊசிப்புல்லின் விதைகள் புகுந்து வழி நெடுக உறுத்தும். நெருக்கமாக நெய்த துணியே நல்லது.

படி 6: நீர்புகாத வகை வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். நீர்புகாத உட்படலம் வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும்போது, நம் வெப்பத்தில் பெருகும் வியர்வையை வேகமாக வெளியேற்ற முடியாமல் திணறுகிறது. ஓடையில் முழங்கால்வரை இறங்கினாலோ நீர் மேல்வழியாக உள்ளே போய் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும். நீர் புகுந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும் துணி பூட்ஸே நமக்கு உகந்தது. பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறச் செய்வதால், மெல்லிய கம்பளி அல்லது நைலான் கலந்த சாக்ஸை வாங்குங்கள். அட்டை உள்ள காட்டுக்கு, முழங்கால்வரை கட்டிக்கொள்ளும் நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை தனியாக வேண்டும்.

படி 7: கடையில் அணிந்து நடங்கள்

தியாகராய நகரிலோ பெரியமேட்டிலோ எங்கே வாங்கினாலும், மலையில் அணியப்போகும் அதே சாக்ஸோடு மாலையில் போங்கள். லேஸைக் கட்டுவதற்கு முன் பாதத்தை முன்னே தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னே தட்டிச் சேர்த்து, லேஸை இறுக்கிக் கட்டி, கடையின் மாடிப்படியில் ஐந்தாறு முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது குதிகால் தூக்கக் கூடாது, இறங்கும்போது விரல் முட்டக் கூடாது. குதிகால் லேசாகத் தூக்கினால், மேலே உள்ள கடைசி இரு துளைகளில் லேஸை அதே பக்கம் கோத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டிப் பாருங்கள். அதன்பிறகும் தூக்கினால் அந்த பூட்ஸ் உங்களுக்கானதன்று.

படி 8: பழக்குங்கள், பாதுகாத்து வையுங்கள்

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் அணியுங்கள். சோல் அழுக்காகாமல் இருந்தால் மாற்றிக்கொள்ளவும் வாய்ப்பு இருக்கும். அடுத்த வாரம் அடுக்குமாடிப் படிகளிலும், பிறகு முதுகுப்பையோடு பரங்கிமலைப் படிகளிலும் நடந்து, சிவக்கும் இடம் எது என்று பார்த்து அங்கே முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

என் முதல் பூட்ஸை அட்டைப்பெட்டியிலேயே மூன்றாண்டு பத்திரமாக வைத்திருந்தேன். பெரிதும் ஆசைப்பட்டு ஒருநாள் எடுத்துப் போனபோது, இரண்டாவது ஓடையைக் கடக்கும் முன்பே இரு சோல்களும் பெயர்ந்து, அடிச்சோலுக்கு மேலே உள்ள மெத்தை அடுக்கான மிட்சோல் ஈர ரொட்டிபோல உதிர்ந்தது. காரணத்தைப் பிற்பாடுதான் அறிந்தேன்: பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆன மிட்சோலைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கும்; சென்னையைப் போன்ற கடலோர ஊரில், அதுவும் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், அந்தச் சிதைவு இன்னும் விரைவாக நடக்கும். எனவே தள்ளுபடியில் பழைய இருப்பை வாங்கும்போது லேஸுக்கு அடியில் இருக்கும் பூட்ஸ் நாக்கின் உட்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, பூட்ஸைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் பசை இளகும். உலர்ந்தபின் திறந்த அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறையேனும் அணிந்து நடந்து, மிட்சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டு மட்டும் விட்டிருந்தால் தைத்துக்கொள்ளலாம். மிட்சோலே பொடிந்தால், அந்த பூட்ஸோடு மலைக்குப் போகாதீர்கள்.