விடுமுறையில் கூடும்போது பெற்றோரிடம் இறுதிக்காலம் பற்றிப் பேசுவது எப்படி?

ஆண்டில் சில நாள்களே ஒரே வீட்டில் சேர்ந்திருக்கும் குடும்பங்களுக்கு, வயதான பெற்றோரின் இறுதிக்கால விருப்பங்களைக் கேட்டறிய விடுமுறையைவிட நல்ல வாய்ப்பு அமைவதில்லை. ஆனால், தொடங்கிய சிறிது நேரத்திலேயே அந்தப் பேச்சு கடவுள் உண்டா, மறுமை உண்டா என்ற வாக்குவாதமாகத் திரிந்து, கேட்க வந்ததைக் கேட்காமலேயே அவரவர் ஊர் திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே இரண்டையும் முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். யாருடைய நம்பிக்கை சரி என்பது அந்த வீட்டில் முடிவாக வேண்டிய விஷயமே அல்ல. நினைவு தப்பிய நிலையில் ஒருவருக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், அவருக்காக யார் பேசுவது என்பவைதாம் முடிவாக வேண்டியவை.

வந்திறங்கிய நாளிலும் எல்லோரும் கூடி உண்ணும் வேளையிலும் இதைத் தொடங்காதீர்கள். உடன்பிறந்தவர்களிடம் முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டு, பெற்றோருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. பிள்ளைகள் அனைவரும் சுற்றி அமர்ந்து கேட்டால் அது விசாரணைபோல் ஆகிவிடும். புறப்படும் நாளுக்கும் தள்ளிப்போட வேண்டாம். பேசிய பிறகு மறுபடியும் யோசித்து, “நேற்றுச் சொன்னது சரியில்லை” என்று மாற்றிச் சொல்ல அவர்களுக்கு ஓரிரு நாள் வேண்டும்.

நேரடியாகச் சாவைப் பற்றிக் கேட்பதைவிட, குடும்பத்தில் ஏற்கெனவே நடந்ததிலிருந்து தொடங்குவது எளிது. “பெரியப்பா மருத்துவமனையில் இருந்தாரே, அப்போது நாம் செய்ததில் எது உங்களுக்குச் சரியென்று பட்டது, அப்பா?” என்று கேட்டால், தம்மைப் பற்றிப் பேசத் தயங்குபவரும் பிறரைப் பற்றிய கருத்தாகத் தம் மனத்தைச் சொல்லிவிடுவார். “இப்போது எதற்கு இந்தப் பேச்சு?” என்று தட்டிக்கழித்தால் வற்புறுத்த வேண்டாம். “எல்லாவற்றையும் ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்றால், அதை மறுத்துப் பேசாமல், “பார்த்துக்கொள்வான், அம்மா, ஆனால் மருத்துவர் என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?” என்று கேளுங்கள். அவர்களின் நம்பிக்கை அப்படியே இருக்க, உங்களுக்கு வேண்டிய விடையும் கிடைக்கும்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்கும்போது, அது நோய்ப்படுக்கையில் எதைக் கோருகிறது என்று கேட்பதே பயன்தரும். யெகோவாவின் சாட்சிகள் இரத்தம் ஏற்றிக்கொள்வதில்லை. கத்தோலிக்கர்கள் குருவானவரிடம் நோயில்பூசுதல் (நோயுற்றவருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்கு) பெற விரும்பலாம். இஸ்லாமியரும் யூதரும் உடலை விரைவில் அடக்கம் செய்வதை வலியுறுத்துகிறார்கள். மயக்கம் தரும் மருந்து கூடியவரை வேண்டாம், கடைசிவரை நினைவோடு வழிபட வேண்டும் என்று எண்ணுபவரும் உண்டு. எந்தச் சடங்கும் வேண்டாம் என்று உறுதியாக இருப்பவரும் உண்டு. 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இறக்கும் மனிதரின் வலியில் உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் கலந்திருக்கின்றன என்று கற்பித்தார். இதில் ஆன்மிகம் பற்றி மருத்துவர் கேட்க மறந்தாலும், குடும்பம் கேட்காமல் விடக்கூடாது.

உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் என்ன செய்வது? கேட்கப்பட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட விளக்கமும் வேண்டியதில்லை. “எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அம்மா, ஆனால் உங்களுக்கு வேண்டியதை ஒன்று விடாமல் செய்வேன்” என்ற உறுதிமொழி போதும். பக்தியுள்ள பிள்ளை, நம்பிக்கையற்ற தந்தையிடமும் இதே உறுதியைத் தர வேண்டும். இறப்பவரின் நம்பிக்கைக்குத்தான் முதலிடம் என்பது என் உறுதியான கருத்து. அவரே “உங்களுக்கு எது ஆறுதலோ அப்படிச் செய்யுங்கள்” என்று விட்டுவிட்டால் மட்டுமே பிள்ளைகளின் விருப்பத்துக்கு இடமுண்டு.

மருத்துவக் கேள்விகளைத் தெளிவாகக் கேளுங்கள்: மீண்டெழும் வாய்ப்பு இல்லாதபோது வெண்டிலேட்டர் வைக்கலாமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டுமா, குழாய்வழி உணவு வேண்டுமா, கடைசி நாள்கள் வீட்டிலா மருத்துவமனையிலா, கண்தானம் உண்டா. தளர்ந்த முதியவருக்கு நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்பு முறியக்கூடும் என்பதையும், உயிர்காக்கும் கருவிகளை மறுத்தாலும் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் தொடரும் என்பதையும் சொல்லுங்கள். கருவி வேண்டாம் என்றால் கைவிட்டுவிடுவார்கள் என்ற அச்சத்தாலேயே பலர் வாய் திறப்பதில்லை.

இப்படி முன்கூட்டியே பேசுவதால் பயனுண்டா என்று தயங்குபவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 309 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான அந்த ஆய்வில், ஆறு மாதத்துக்குள் இறந்தவர்களுள், முன்கூட்டியே திட்டமிட உதவி பெற்றவர்களில் 86 விழுக்காட்டினரின் விருப்பம் அறியப்பட்டு நிறைவேறியிருந்தது. அவ்வுதவி பெறாதவர்களில் இது 30 விழுக்காடே. உதவி பெற்றவர்களின் குடும்பத்தாரிடம் மனஅழுத்தமும் பதற்றமும் குறைவாகவே இருந்தன.

பேசி முடித்ததை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டுங்கள். இதற்குச் சட்டமதிப்புப் பெறும் முறை நாட்டுக்கு நாடு மாறுவதால், சாட்சிகள், கையொப்பம் பற்றி உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்காகப் பேசும் பொறுப்பை, மூத்தவர் என்பதற்காகவோ அதிகப் பாசமுள்ளவர் என்பதற்காகவோ ஒருவரிடம் ஒப்படைக்கக் கூடாது. தமக்கு உடன்பாடில்லாத விருப்பத்தையும் மருத்துவர் முன்னே மாற்றாமல் சொல்லக்கூடியவரே அதற்கு ஏற்றவர். ஒரு பிரதி அவரிடமும், ஒன்று குடும்ப மருத்துவரிடமும் இருக்கட்டும். வர இயலாத உடன்பிறப்புக்கு அன்றே தெரிவியுங்கள். புதிய நோய் கண்டறியப்பட்டாலோ, வாழ்க்கைத் துணை மறைந்தாலோ அடுத்த விடுமுறைவரை காத்திராமல் அந்தத் தாளை மறுபடியும் எடுத்து, இன்னும் இதுதான் விருப்பமா என்று கேளுங்கள்.