பேரப்பிள்ளை வரைக்கும் போகவேண்டிய கதைப் புத்தகங்கள்

குடும்பத்துக்கென்று வைத்துக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு கதைப் புத்தகங்கள் போதும். திரும்பத் திரும்ப வாசித்ததுதான் மனதில் நிற்கும். அலுமாரி நிறைய வாங்கி ஒவ்வொன்றையும் ஒருமுறை புரட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது. வாங்குமுன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்குத் தடக்குகிற வசனம் இருபதாம் முறையும் தடக்கும். கதையில் சொல்லாத ஏதாவது படத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரத்தில் ஒளிந்திருக்கும் பூனையைத் தேடித்தான் சின்னப்பிள்ளை மறுபடி வரும்.

பாட்டுப் புத்தகம் ஒன்றாவது இருக்கவேண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டில் பயறு வறுப்பதும் அரிசி இடிப்பதும் வருவதால், யூலை நடுப்பகுதியில் கொழுக்கட்டை அவிக்கும்போது அடுப்படியில் வைத்தே வாசிக்கலாம். கடையில் கிடைக்காத பழைய ஈழத்துச் சிறுவர் நூல்கள் பல ‘நூலகம்’ இணையத்தளத்தில் உள்ளன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அச்சிடவும் அனுமதி உண்டு. ஏ4 தாளை மடித்து அச்சிடுவதானால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபடவேண்டும். மிஞ்சினால் கடைசியில் வெற்றுப் பக்கம் சேருங்கள்.

மூன்று நான்கு வயதுக்குப் பத்து நிமிடம் தாராளம். முதலில் படத்தைப் பார்க்க விடுங்கள், பிறகு எழுத்து. பாட்டு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்தினால் பிள்ளை தானே நிரப்பும். அக்கா, அண்ணா இருந்தால் மீண்டும் மீண்டும் வரும் வரியை அவர்களிடம் கொடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்பதுதான் பெரிய பிழை. அது பரீட்சையாகிவிடும், பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே எழும்பிப் போகும். அதே கதையை மறுபடி கேட்டால் மறுக்காதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அந்த வயதின் சந்தோஷம், சொற்களும் அப்படித்தான் பதியும்.

பேரப்பிள்ளை ரொறன்ரோவில் என்றால் ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை அனுப்புங்கள். இங்கே இலங்கையில் இரவு 7 மணிக்கு அங்கே கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அதே பக்கம் தன் கையிலும் இருந்தால்தான் பிள்ளை இருந்து கேட்கும்.

பின்னட்டையின் உட்பக்கத்தில் திகதி, வாசித்தவர், பிள்ளை சொன்ன சொல் ஆகியவற்றை அப்படியே எழுதிவையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், சில ஜெல் பேனை மைகள் ஈரத்தில் பரவும். அம்மம்மா வாசிப்பதைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்தி, தொலைபேசியை ஒரு சாண் தூரத்தில் வைத்தால் குரல் தெளிவாக இருக்கும்.

திருகோணமலையில் புத்தகத்துக்கு முதல் எதிரி உப்புக்காற்று. நடுவில் கம்பி அடித்த மெல்லிய புத்தகங்களில் கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாள் பழுப்பாகி உதிரும். வாங்கியவுடனேயே கம்பியைக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். நடுப்பக்கத்தை விரித்து, கம்பியின் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தினால் கழன்றுவிடும். மேல் கம்பியின் மேல்துளைக்கும் கீழ்க் கம்பியின் கீழ்த்துளைக்கும் நடுவே ஊசியால் மூன்றாவது துளை இடுங்கள். புத்தக உயரத்தின் இரண்டரை மடங்கு பருத்தி நூலில் மெழுகுதிரி தேய்த்து, உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே எடுங்கள். மேல்துளையால் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையால் வெளியேறி, திரும்ப நடுத்துளையால் உள்ளே வரவேண்டும். நூலின் இரு முனைகளும் உள்ளே ஓடும் நீளத் தையலுக்கு இருபுறமும் நிற்கட்டும். அப்போதுதான் முடிச்சு அதை இறுக்கிப் பிடிக்கும். நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் தாள் கிழியும், மடிப்பின் போக்கிலேயே இழுங்கள்.

கடலைப் பார்த்த சுவரில் றாக்கை வேண்டாம். மற்றச் சுவரானாலும் இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டினால் அடைபட்ட ஈரம் பூஞ்சணமாகும், பளபளப்புத் தாள்கள் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்ததைத் தனியே எடுத்து நிழலில் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு முற்றத்தில் வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும், வெயிலில் போட்டால் நிறம் வெளிறி அட்டை வளையும். வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். பூச்சி உருண்டை பிள்ளையின் கைபடும் றாக்கையில் வேண்டவே வேண்டாம், இனிப்பென்று வாயில் போட்டால் நஞ்சு.

கிழிந்த பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடிக்கும். ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஐந்து கரண்டி தண்ணீரில் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிண்டி ஆறவிடுங்கள். பூச்சி வராமலிருக்கத் துருசு கலக்கும் பழைய வழக்கம் சிறுவர் புத்தகத்துக்கு ஆகாது, அதுவும் நஞ்சு. வெள்ளை ரிசுக் கடதாசியைக் கையால் கிழித்தெடுத்து (வெட்டிய ஓரம் தடித்துத் தெரியும்) பசையை மிக மெல்லிதாகத் தடவி ஒட்டுங்கள். தடித்தால் தாள் சுருங்கும், பூச்சியும் தேடி வரும். இருபுறமும் ஒயில் பேப்பர் வைத்து, மேலே பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.