பப்பில் போலீஸ் சோதனை: வாடிக்கையாளராக இருந்தவர் என்ன செய்ய வேண்டும்?

பப்பிலோ ஹோட்டல் பார்ட்டியிலோ போலீஸ் நுழைந்து கதவை அடைத்து, எல்லாரையும் அப்படியே நிற்கச் சொன்னால் முதலில் பணிவாகக் கேளுங்கள்: "சார், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" பெரும்பாலும் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டமாக (1985) இருக்கும். அதன் 43-ஆம் பிரிவுப்படி ஹோட்டல், கடை போல மக்கள் வந்துபோகும் இடங்கள் எல்லாம் பொது இடம், வாரன்ட் தேவையில்லை. ஆனால் ஒருவரை நிறுத்திச் சோதிக்க, அவர் குற்றம் செய்தார் என்று நம்ப அதிகாரிக்குக் காரணம் இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் கஞ்சா சிக்கியது மட்டுமே அந்தக் காரணம் ஆகிவிடாது.

இருந்தாலும் கையைத் தட்டிவிடாதீர்கள், ஓடாதீர்கள். பணியைத் தடுத்ததாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டம்) 221-இல் வழக்குப் போட்டால் 3 மாதம் வரை சிறை. கைகலப்பானால் 132-இல் 2 ஆண்டு வரை. "நான் தடுக்கவில்லை, ஆனால் சம்மதிக்கவும் இல்லை" என்று பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு நில்லுங்கள்.

உடல் சோதனைதான் முக்கியமான கட்டம். போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது கெஸட்டட் அதிகாரி (அரசிதழில் பெயர் வெளியாகும் உயர்நிலை அதிகாரி) முன்னால் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு; அந்த உரிமையை உங்களிடம் சொல்வது அதிகாரியின் கடமை. 2010-இல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்றது. 2014-இல் பரமானந்த் வழக்கில், கூட்டாகச் சொன்னால் போதாது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்றது. முப்பது பேரை வரிசையில் நிறுத்தி ஒரே குரலில் அறிவிப்பது எடுபடாது. உரிமை வேண்டாம் என்று ஏற்கெனவே அச்சடித்த தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். "மாஜிஸ்திரேட் முன்னால் சோதிக்க வேண்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். அழைத்துப் போனால் பொருள் கைமாறிவிடும் என்று கருதினால் அதிகாரி அங்கேயே சோதிக்கலாம். ஆனால் காரணத்தை எழுதி 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பியாக வேண்டும்.

பலர் ஏமாறுவது பை விஷயத்தில். 50-ஆம் பிரிவு உடலுக்கு மட்டுமே. தோள்பை, கைப்பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2005-இல் பவன் குமார் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. அதனால் பை திறக்கப்படும்போது கண்ணை எடுக்காதீர்கள், வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பறிமுதலையும் பட்டியல் போடுவதையும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 105-ஆம் பிரிவு.

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. பெண் போலீஸ் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள்.

போனைக் கேட்டால், அதே பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவின்படி நிலையப் பொறுப்பு அதிகாரியின் எழுத்து உத்தரவைக் கேளுங்கள். பாஸ்வேர்டுக்கு, "வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதே போதும். 2021-இல் ஹைதராபாத் தெருக்களில் போவோர் வருவோரின் வாட்ஸ்அப்பில் போலீஸார் 'கஞ்சா' என்று தேடிய வீடியோக்கள் பரவின. அப்படி வழியில் போகிறவர்களின் அந்தரங்கத்தைத் துழாவுவதை வழக்கமான நடைமுறையாக ஏற்கவே கூடாது.

1976-இல் அமெரிக்காவின் அரோரா நகரில், பாரைச் சோதிக்க வாரன்ட் வாங்கி வந்த போலீஸார் வாடிக்கையாளர்களையும் துழாவினார்கள். 1979-இல் இபாரா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இந்தியாவில் நிலைமை வேறு: சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காகவே சாட்சியம் தள்ளப்படாது என்று 1974-இல் பூரண்மல் வழக்கில் சொல்லப்பட்டது. 50-ஆம் பிரிவு மீறல் மட்டும் தனி ரகம். அந்த உடல் சோதனையில் கிடைத்த பொருளை வைத்துத் தண்டிக்க முடியாது. ஆகவே யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்ற குறிப்புதான் பிற்பாடு உங்கள் வக்கீலுக்கு ஆயுதம். அன்றிரவே எழுதி, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்; நேரம் தானாகப் பதிவாகிவிடும்.

மகஜரில் (சோதனை, பறிமுதல் பற்றி அங்கேயே எழுதும் பதிவு) நீங்கள் பார்க்காத எதற்கும் சாட்சிக் கையெழுத்து வேண்டாம். வெற்றுத் தாளில் அறவே கூடாது. உங்களிடம் எடுத்த பொருள்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 2020-இல் தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் முடிவாகியிருக்கிறது. எனவே "ஒத்துக்கிட்டா விட்டுடறோம்" என்ற பேச்சுக்கு மசிய வேண்டாம்.

"ஸ்டேஷனுக்கு வாங்க" என்றால், "நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்த வேண்டும். இல்லை என்றால், சாட்சியாக வரச்சொல்லும் எழுத்து உத்தரவு கேளுங்கள்; பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும், அவர்களாக விரும்பி ஸ்டேஷனுக்கு வந்தாலொழிய, அவர்கள் வீட்டில்தான் விசாரிக்க முடியும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

மறுநாளே ஹோட்டல் நிர்வாகத்துக்கு எழுதி, அந்த நேரத்துச் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். காரணமின்றித் துன்புறுத்திய சோதனைக்கு போதைப்பொருள் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அதிகாரிக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகை வெட்கப்படும்படி குறைவு. ஆனாலும் புகார் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் போக வேண்டும்.