வண்டி சூடு ஏறுதா, முதல்ல ஃபேன பாருங்க
எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க பின்னாடி மாட்டி நிக்கும்போது மட்டும் டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுதுன்னா பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் தான், ஏசி போட்டுப் பாருங்க, அப்பவும் சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு கரன்ட் விடுற சுவிட்ச்), அப்புறம் மோட்டார்னு வரிசையா செக் பண்ணுங்க. ஓடும்போதே ஏறுதா? அப்ப கூலன்ட் (இன்ஜின ஆத்துற திரவம்) கம்மி, இல்ல ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேத்த மாதிரி கூலன்ட் ஓட்டத்த திறந்து மூடுற வால்வு), வாட்டர் பம்ப் இதுல ஒண்ணு.

தயவுசெஞ்சு சூட்டோட ரேடியேட்டர் மூடிய தொறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி பீச்சி அடிச்சு மூஞ்சி வெந்துடும், முழுசா ஆறட்டும். அவசரத்துக்குன்னு போர் தண்ணி ஊத்துறாங்க, கடலோரத்துல அது உப்பு, உள்ள துருவும் படியும், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் தான் ஊத்தணும். டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற குச்சி) ஆயில் டீ கலர்ல நுரையா இருந்தா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின்ல ஆயிலும் கூலன்ட்டும் கலக்காம தடுக்குற சீல்) போயிருக்கலாம், ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணியே மெக்கானிக்கிட்ட கொண்டு போங்க.